தண்ணீர் இறக்கிய மாதம்

ஜனவரியில் கால்வாயை வடித்துவிட்டார்கள்.
மதகுக் கதவின் அடிமரம் உளுத்துப்போனதாம்.
பாலத்து முனையில் ஓர் அறிவிப்பு,
பிளாஸ்டிக் உறைக்குள் மழைத்துளியையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள்:
ஐந்து வாரம். நடப்பவர்களுக்குத் தடையில்லை.

நான் நடப்பவள்.
செஷயரில் இந்த மூன்று மைலைத் தவிர
வேறெதையும் முழுதாக அறிந்தவளில்லை.
குதிரைகள் படகிழுத்துப் போன பாதை,
ஒரு குதிரையின் அகலம்தான் இன்றைக்கும்.
பாலத்து மூலைக்கல்லில் ஈரக்கயிறு அறுத்த பள்ளங்கள்;
என் நான்கு விரலும் அவற்றில் சரியாகப் படுக்கும்.
கையுறையைக் கழற்றி வைத்துப் பார்க்காமல்
ஒரு ஞாயிறும் தாண்டியதில்லை, பனி கொட்டினாலும்.

இரண்டாம் பாலத்தில் பாதை கரை மாறுகிறது.
கயிற்றை அவிழ்க்காமலே குதிரை அக்கரை போகட்டுமென்று
நத்தை ஓடுபோல் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.
ஏறி, வளைந்து, ஏறிய பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து
வெளியே வந்தால்
இடக்கைப் பக்கம் இருந்த தண்ணீர்
வலக்கைப் பக்கம் வந்திருக்கும்.
மலை மட்டும் அசையாமல்,
கற்சுவர்களுக்கு மேலே, செம்மறிகளைத் தோளில் தூவிக்கொண்டு.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், எதிர்க்கரையில்,
அவர் தோட்டம்.
பச்சை நாற்காலி. முட்டைக்கோஸ் பாத்தி. கையில் கோப்பை.
பதினோரு வருடமாகக் கை அசைக்கிறோம்.
பெயர் தெரியாது, குரலும் தெரியாது.
ஒருமுறை உயர்த்திய வேகத்தில்
நீலக் கோப்பை நழுவித் தண்ணீரில் விழுந்தது.
வட்டங்கள் அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அடுத்த வாரம் மஞ்சள் கோப்பை.

அந்த வருடம்தான் என் வீட்டில்
பாத்திரங்களை எண்ணிப் பங்கு பிரித்தோம்.
அது அவருக்குத் தெரியாது.
தெரியாத ஒருவருக்குக் கை அசைத்தது மட்டுமே
அந்த வருடம் நான் கோணாமல் செய்த காரியம்.

இன்று பார்த்தால்
இவ்வளவுதானா ஆழம்!
என் இடுப்பளவுகூட இல்லை.
சேற்றில் மூன்று மிதிவண்டி, ஒரு சாலைக் கூம்பு,
ஊசியோடு ஒரு தையல் இயந்திரம்.
நாரைக்கு மட்டும் பந்தி.
மார்பளவு ரப்பர் உடையில் ஒரு பெண் வலைவீசி
மிச்ச மீன்களை மீட்டுக்கொண்டிருந்தாள்.
ரோசலிண்ட் ஹீத்கோட் என்று முதுகில் எழுதியிருந்தது.
"வாளியைப் பிடிக்கிறீர்களா, சும்மாதானே நிற்கிறீர்கள்?"
பிடித்தேன்.
ஒரு விலாங்கு வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது,
விடைபெற வாசல் தேடும் விருந்தாளிபோல.

நிமிர்ந்தபோது அவர், தோட்டத்தின் விளிம்பில், வெறுங்கையோடு.
தூரம் அதேதான்,
அளந்தால் ஓர் அங்குலம் குறைந்திராது.
ஆனாலும் என் கை பாதியில் நின்றுவிட்டது.
நடுவில் தண்ணீர் இல்லாமல்
எப்படி அசைப்பதென்று தெரியவில்லை.
அவருக்கும் தெரியவில்லை; முட்டைக்கோஸைப் பார்த்தார்.

ரோசலிண்டின் வலையில் ஏறி வந்தது நீலக் கோப்பை.
காது உடையவில்லை.
உள்ளே ஒரு மட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு.
"யாருடையது இது?" என்றாள், இரு கரைக்கும் பொதுவாக.

ஒரே நேரத்தில்
நான் அவரைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார்.

பிறகு அவர் பேசினார்.
நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்,
வடக்குக்காரர் இழுப்பு:
"விட்டுவிடுங்கள், அது குடியேறிவிட்டது."
ரோசலிண்ட் ஏதோ முணுமுணுத்தபடி
கோப்பையும் மட்டியுமாக வாளியில் இறக்கினாள்.
விலாங்கு ஒதுங்கி இடம் கொடுத்தது.

பிப்ரவரிக் கடைசியில் தண்ணீர் விட்டார்கள்.
முதலில் ஒரு கை அகலத்துக்கு வந்தது,
சருகுகளைத் தள்ளிக்கொண்டு, தயங்கித் தயங்கி.
கூம்பு மூழ்கியது. மறுநாள் வானம் வந்து படுத்துக்கொண்டது.

ஞாயிறு. மஞ்சள் கோப்பை உயர்கிறது.
நானும் அசைக்கிறேன்,
வழக்கத்தைவிடச் சற்றே தாழ்வாக,
குரல் தெரிந்த ஒருவருக்கு அசைப்பதுபோல.